பெடல் நிற்காத சைக்கிள்: உவர்மலை இறக்கத்தில் கழன்ற பிரீவீலும் அதற்குப் பின் நடந்ததும்

## பின்னணி

இந்தப் பதிவுக்குரியவர் முப்பதுகளின் நடுவில் இருக்கும் அரச உத்தியோகத்தர். வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், அலுவலகம் உவர்மலையில். 2022இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து வரிசைகள் கரைந்ததும் பெரும்பாலோர் பழையபடி மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். அவர் ஏறவில்லை.

அவருடையது ஜப்பானிலிருந்து பாவித்த பொருளாக வந்திறங்கிய உருக்குச் சட்ட றேசிங் சைக்கிள். கியர் மாற்றும் பாகங்களை முந்திய சொந்தக்காரர் கழற்றிவிட்டிருந்தார். முன்னால் 44 பல் செயின்வீல், பின்னால் 16 பல் பிரீவீல், இரண்டு பிறேக். ஒற்றைக் கியர் சைக்கிளுக்கு இது கொஞ்சம் பாரமான கணக்குத்தான். ஆனாலும் இரண்டு வருடம் ஓட்டியதில் அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

பாதை ஐந்தாறு கிலோமீற்றர். நிலாவெளி வீதியில் தெற்கே வந்து, அநுராதபுரச் சந்தியைக் கடந்து, நகரத்துக்குள் நுழைந்து, கடைசியில் உவர்மலை ஏற்றம். ஏற்றம் தவிர மற்றதெல்லாம் சமதரை. வீதியோரத்தில் எப்போதும் மணல் படிந்திருக்கும். இருட்டியபின் தார் சூடாக இருப்பதால் மாடுகள் வந்து படுத்துக்கொள்ளும். நகரத்துக்குள் மான்கள் உண்டு. கோட்டைப் பக்கம் மட்டும் நிற்கும் என்று வெளியூரார் நினைப்பார்கள், ஆனால் அவை கடைத்தெரு வரைக்கும் வரும். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று காலைப் பயணத்தில் முகத்துக்கு நேரே வரும்.

பிக்ஸ்ட் கியர் மேல் அவருக்கு ஆசை வந்தது கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் மூலம். மைத்துனர் அங்கே ஓட்டும் சைக்கிளின் காணொளியைக் காட்டியிருக்கிறார். பிறேக் இல்லை, வயர் இல்லை, பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. காற்றுக்கு எதிராக ஒரே சீராக மிதிக்கலாம் என்பது அவர் வெளியே சொன்ன காரணம். அழகாக இருந்தது என்பதும் காரணம்தான், அதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். சாதாரண சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் உருளும். பிரீவீலுக்குள் இருக்கும் சிறு நாக்குகள் பற்களின்மேல் வழுக்கிப் போவதால்தான் அந்த 'டிக் டிக்' ஓசை எழுகிறது. பிக்ஸ்ட் கியரில் அந்த நாக்குகள் இல்லை. பின்பற்சில்லு, சில்லின் நடுக்குடமான ஹப்புடன் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும். சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும், கூடவே காலும் சுற்றியாக வேண்டும். பெடலைப் பின்னோக்கி அமர்த்தினால் சில்லின் வேகம் குறையும். இந்தக் கடைசி வசதியை நம்பித்தான் பலர் பிறேக்கைக் கழற்றுகிறார்கள்.

நான் அதே வீதியில் சைக்கிளில் போகிறவன். பிக்ஸ்ட் கியர் சைக்கிளொன்றை வேறு ஊரில் சில வருடங்கள் ஓட்டியிருக்கிறேன். அவர் விழுந்த பிறகுதான் சைக்கிள் கடைக்கார ஐயா என்னையும் இதற்குள் இழுத்தார். அதற்கு முன் நடந்தவற்றை அவர்கள் இருவரும் சொன்னபடி எழுதுகிறேன், பின் நடந்தவற்றை நான் கண்டபடி.

## வெல்டிங் வைத்த பிரீவீல்

2024 பெப்ரவரியில், மாரி ஓய்ந்த பிறகு, அவர் கடைக்கார ஐயாவிடம் போனார். ஐயா நாற்பது வருடமாக அந்தத் தொழிலில் இருப்பவர். பிக்ஸ்ட் கியருக்கு உரிய ஹப் திருகோணமலையில் கிடைக்காது. கொழும்பில் தேட வேண்டும், விலையும் அதிகம். ஐயாவுக்குத் தெரிந்த குறுக்குவழி ஒன்று இருந்தது: பிரீவீலின் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது. பக்கத்துப் பட்டறையில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இதில் இருக்கும் கோளாறு மரையில் இருக்கிறது. பிரீவீல் ஹப்பின்மேல் வலப்பக்கமாகத் திருகி ஏறுகிறது. முன்னோக்கி மிதிக்க மிதிக்க இறுகும். பின்னோக்கி அமர்த்தினால் அதே மரை கழலப் பார்க்கும். சாதாரண சைக்கிளில் பிரீவீலைப் பின்னோக்கி யாரும் அமர்த்த முடியாது, அதனால் அந்தக் கேள்வியே எழுவதில்லை. வெல்டிங் வைத்ததும் எழுகிறது. பிக்ஸ்ட் கியருக்கென்று செய்த ஹப்பில் பற்சில்லுக்கு வெளியே சிறிய விட்டத்தில் இன்னொரு மரை இருக்கும். அது இடப்பக்க மரை. அதில் லொக் ரிங் என்ற பூட்டு வளையம் ஏறும். பற்சில்லு கழலப் பார்த்தால் லொக் ரிங்கை அது இறுக்குகிற திசையிலேயே தள்ளும். சாதாரண ஹப்பில் அந்த இரண்டாவது மரைக்கு இடமே கிடையாது.

ஐயாவுக்கு இது தெரியாததல்ல. அவருடைய நியாயம் வேறு. உப்புக் காற்றில் வருடக்கணக்காக ஓடிய பிரீவீலைக் கழற்ற எத்தனை பாடு பட வேண்டும் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வைஸில் கடித்து, சில்லையே ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாலும் அசையாது. அப்படி இறுகிப்போனது ஒரு மனிதனின் கால் அமர்த்தலில் கழலுமா என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பதில் உவர்மலை இறக்கத்தில் கிடைத்தது.

பிறேக் பற்றியும் அன்றே பேச்சு நடந்தது. இரண்டையும் கழற்றச் சொன்னார் அவர். ஐயா பின்பிறேக்கைக் கழற்றினார், முன்பிறேக்கில் கை வைக்க மறுத்தார். "அதைக் கழற்றுவதென்றால் வீட்டில் கேட்டுக்கொண்டு வா தம்பி" என்றாராம். வீட்டில் என்ன பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். முன்பிறேக் தப்பியது.

## முதல் வாரங்களில் கண்டவை

முதல் நாள் கடை வாசலிலேயே ஏற முடியவில்லை. எங்களூரில் பெரும்பாலோர் இடக்காலைப் பெடலில் வைத்து, வலக்காலால் தரையை இரண்டு மூன்று தரம் உந்தி, ஓட்டம் பிடித்தபின் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவார்கள். பிக்ஸ்ட் கியரில் சில்லு நகர்ந்ததுமே பெடலும் மேலே கிளம்பும். இடக்கால் நிற்க இடமில்லை. நின்ற இடத்திலேயே காலைப் போட்டு, பின்சில்லை ஒரு கையால் கொஞ்சம் தூக்கி, பெடலை மிதிக்கத் தோதான உயரத்துக்குச் சுற்றி வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். இறங்குவதும் அப்படித்தான். ஓட்டத்திலேயே காலைத் தூக்கி ஒரு பக்கமாக வந்து குதிக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அதை விட வேண்டியதாயிற்று.

அவர் அடிக்கடி தடுமாறிய இடங்களைப் பின்னர் கேட்டு எழுதிக்கொண்டேன். பலரும் நினைப்பது போல அவை வேகமான இடங்களோ இறக்கங்களோ அல்ல. வேகத்தடை வரும்போது பெடல்களைச் சமமாக நிறுத்தி எழும்பி நிற்பது. தன் ஒழுங்கைக்குள் திரும்பும்போது மிதிப்பதை விட்டுவிடுவது. வலப்பக்கம் திரும்புமுன் தோளுக்கு மேலால் பின்னால் பார்ப்பது. நழுவிய பையைச் சரிப்படுத்துவது. எதிரே வருபவருக்குத் தலையசைப்பது. இவை ஒவ்வொன்றிலும் மனிதக் கால் தானாகவே ஒரு நொடி நிற்கிறது, அப்படி நிற்பது ஓட்டுபவருக்கே தெரியாது. பிக்ஸ்ட் கியர் அந்த நொடியில் முழங்காலைத் தூக்கி எறிகிறது. இரண்டு வருடம் ஒற்றைக் கியரில் ஓட்டிய பழக்கம் அவருக்கு உதவியிருக்கும் என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டு சைக்கிளும் ஒன்றுதான். ஆனால் சும்மா இருக்கும் அந்தச் சின்ன இடைவெளிகளை ஒற்றைக் கியர் இரண்டு வருடமாக அவருக்கு இன்னும் ஆழமாகப் பழக்கியிருந்தது.

செருப்புப் பிரச்சினை தனி. அவர் ரப்பர் செருப்புடன்தான் ஓட்டுவார், அலுவலகச் சப்பாத்து மேசைக்கடியில் கிடக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும் பெடலில் செருப்பு ஒருமுறை நழுவினால், மறுபடி காலை வைக்கத் தேடும்போது பெடல் வந்து கெண்டைக்காலில் அடிக்கும். இரண்டு கெண்டைக்காலிலும் அடிபட்ட தழும்புகள் எனக்கே தெரிந்தன. அதற்குப் பிறகுதான் கன்வஸ் சப்பாத்துக்கு மாறினார்.

மூன்றாவது வாரத்தில் அவருக்குத் துணிவு வந்துவிட்டது. உள்துறைமுக வீதியில் மாலை வேளைகளில் பின்சில்லை இறுக்கிச் சறுக்கப் பழகியிருக்கிறார். இதை அப்போது அவர் ஐயாவிடம் சொல்லவில்லை.

## உவர்மலை இறக்கம்

மார்ச் மாத நடுவில் ஒரு மாலை. வேலை முடிந்து உவர்மலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தார். வேகம் முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே இருந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. 44க்கு 16 என்ற கணக்கில் ஒரு பெடல் சுற்றுக்குச் சைக்கிள் ஏறக்குறைய 5.8 மீற்றர் போகும். 35 கிலோமீற்றர் வேகத்தில் காலுக்கு நிமிடத்தில் நூறு சுற்று. பழகியவருக்கு அது பெரிதல்ல, ஒரு மாதக்காரருக்குப் பெரிதுதான்.

கீழே சந்திக்கு முன்னால் பெடலைப் பின்னோக்கி அமர்த்தினார். முதலில் பிடித்தது. அடுத்த அமர்த்தலில் 'டொக்' என்று ஓர் ஓசை. அதன்பின் பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் பின்னால் போனது. மறுபடி அமர்த்தினார், மறுபடியும் வெறுமை. அந்த நேரம் இடப்பக்கத்திலிருந்து ஒரு முச்சக்கர வண்டி வீதிக்குள் திரும்பியது. முன்பிறேக்கைப் பிடித்தார். தார் வீதியில் சைக்கிளின் வேகம் நன்றாகவே குறைந்தது. ஓரத்து மணலில் முன்சில்லு ஏறியதும் வழுக்கி இடப்பக்கமாகச் சாய்ந்தார். முழங்கையிலும் இடுப்பிலும் தோல் உரிந்தது, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முச்சக்கர வண்டிக்காரரே இறங்கித் தூக்கிவிட்டு, சைக்கிளைப் பின்னால் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மறுநாள் கடையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம். வெல்டிங் உடையவில்லை. வெல்டிங் வைத்த பிரீவீல் முழுவதாக ஹப்பின் மரையில் ஒரு சுற்றுக்கு மேல் கழன்றிருந்தது. கையால் முன்னோக்கித் திருப்பினால் இறுகியது, பின்னோக்கித் திருப்பினால் கழன்றது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வியப்புப் பின்ரயரில் இருந்தது. ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சில்லை மெதுவாகச் சுற்றினார். ரயரில் முட்டை வடிவில் நான்கு தேய்வுகள், ஒன்றுக்கொன்று சம தூரத்தில். 44ஐயும் 16ஐயும் சுருக்கினால் 11க்கு 4, அதாவது பெடல் நான்கு தடவை சுற்றச் சில்லு பதினொரு தடவை சுற்றும். எப்போதும் ஒரே காலை முன்வைத்துச் சறுக்குபவரின் ரயர் அந்த நான்கு இடங்களில் மட்டும்தான் தேயும். ஐயா அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். சறுக்கிப் பழகிய கதை அப்போதுதான் வெளியே வந்தது.

இன்னும் உற்றுப் பார்த்தபோது, அந்த நான்குக்கும் பக்கத்தில் இரண்டு விரற்கடை தள்ளி, மங்கலாக இன்னொரு நான்கு தெரிந்தன. ரயர் றிம்மில் நகர்ந்திருக்கலாமோ என்று வால்வைப் பார்த்தோம். அது நேராகவே நின்றது. ஆக, பிரீவீல் அந்த மாலைக்கு முன்னரே ஒரு தடவை கழன்று, மிதித்தபோது முன்னிருந்த இடத்தையும் தாண்டி இறுகியிருக்கிறது. விழுவதற்கு முன்னரே அறிகுறி இருந்தது, அதைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

## கடையில் எடுத்த தீர்மானங்கள்

முதல் கேள்வி இதைத் தொடர்வதா, விடுவதா என்பது. அவருடைய மனைவியின் பதில் தெளிவாக இருந்தது. பழைய பிரீவீலைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பதிலில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் விழுந்ததற்குக் காரணம் பிக்ஸ்ட் கியர் அல்ல, பிக்ஸ்ட் கியர் போல நடித்த ஒன்று. பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: உரிய ஹப் கிடைத்தால் தொடரலாம், கிடைக்கும்வரை புதிய பிரீவீல், இரண்டு பிறேக்கும் பூட்டியிருக்க வேண்டும், பத்து வயது மகனை இந்தச் சைக்கிளில் ஏற்றக்கூடாது. கடைசி நிபந்தனை மிகவும் சரியானது. பாரில் பிள்ளை இருக்கும்போது பெடலை அமர்த்தி நிறுத்த வேண்டிய எடையும் கூடுகிறது, பிள்ளையின் கால் தொங்கும் இடத்தில் நிற்காத பெடலும் சுற்றுகிறது.

ஹப் வர இரண்டு மாதம் ஆயிற்று. வந்தது இருபக்க ஹப்: ஒரு பக்கம் லொக் ரிங்குடன் பிக்ஸ்ட், மறுபக்கம் பிரீவீலுக்கான மரை. சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டால் சைக்கிள் பழைய ஒற்றைக் கியராகிவிடும். இதைத் தேர்ந்தது மாரிக்காலத்தை நினைத்து.

பூட்டும்போது இரண்டு இடங்களில் நேரம் போனது. பழைய றேசிங் சட்டத்தின் பின் இடைவெளி 126 மில்லிமீற்றர், ஹப் 120. பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் வளையங்கள் போட்டு அதை நிரப்பினோம். பிறகு செயின் நேராக ஓடுகிறதா என்று பார்க்க ஐயா செயின்வீலிலிருந்து பற்சில்லுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். பற்சில்லு கொஞ்சம் வெளியே இருந்தது, இடப்பக்க வளையம் ஒன்றை வலப்பக்கம் மாற்றினார். பிரீவீல் சைக்கிளில் இந்த ஓரிரு மில்லிமீற்றரை யாரும் கவனிப்பதில்லை. பிக்ஸ்ட் கியரில் செயின் வெளியே பாய்ந்தால் சில்லு பூட்டிக்கொள்ளலாம், அல்லது கால்வழி நிறுத்தும் சக்தி முழுதாக இல்லாமல் போகலாம். பின்பிறேக்கையும் மறுபடி போட வேண்டும் என்று ஐயா நின்றது இதனால்தான்.

பற்சில்லை இறுக்கும் ஆயுதம் கடையில் இல்லை. செயினின் ஒரு முனையைப் பற்சில்லில் கொளுவி, மறுமுனையைச் சட்டத்தின் அடியில் பெடல் அச்சுக் குழாயில் துணி சுற்றிய இடத்தில் இறுக்கி, சில்லையே நெம்புகோலாக்கித் திருப்பினால் கை பலத்தில் கிடைக்காத இறுக்கம் கிடைக்கும். அந்த முறை ஐயாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதன்மேல் லொக் ரிங் எதிர்ப்பக்கமாக ஏறியது. இடப்பக்கப் பெடல் எதிர்மரையில் ஏறுவதை ஆயிரம் தடவை செய்த கைக்கு அது புதிதல்ல.

பல் எண்ணிக்கை பற்றி நீண்ட வாதம் நடந்தது. அவர் 16ஐ விட விரும்பவில்லை. நான் 18 என்றேன். 44க்கு 18இல் ஏற்றமும் கச்சானும் இலகுவாகும், பெடலை அமர்த்தி நிறுத்துவதும் இலகுவாகும். ஆனால் இறக்கத்தில் கால் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்: 35 கிலோமீற்றரில் 101 சுற்றுக்குப் பதில் 114. அவர் சரியாக அதைத்தான் பிடித்துக்கொண்டார். என் பதில், அந்த இறக்கத்தில் 35இல் போகத் தேவையில்லை என்பது. முன்பிறேக்கால் 20க்குக் குறைத்துக்கொண்டு இறங்கினால் 65 சுற்றுத்தான். மனமில்லாமல்தான் சம்மதித்தார்.

பிறேக் இல்லாமல் ஓட்டும் மோகம் பற்றி ஒரு வார்த்தை. அது சைக்கிள் பந்தயத் தளத்திலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தது. தளத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே மாடோ மானோ முச்சக்கர வண்டியோ வருவதில்லை. பிறேக் பிடித்தால்தான் அங்கே ஆபத்து. நிலாவெளி வீதி அப்படிப்பட்டதல்ல. நிறுத்தும்போது பாரம் முன்சில்லுக்குச் சாய்வதால், பின்சில்லை மட்டும் எவ்வளவு இறுக்கினாலும் அது சறுக்குமே தவிர விரைவில் நிற்காது. பிரித்தானியாவில் 1983ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பிக்ஸ்ட் சில்லைப் பின்பிறேக்குக்கு ஈடாக ஏற்றுக்கொள்கின்றன, ஆனாலும் முன்சில்லுக்குப் பிறேக் இருந்தே ஆக வேண்டும் என்கின்றன.

இன்னொரு தீர்மானமும் அன்று எடுக்கப்பட்டது. ஞாயிறு காலையில் அவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயின் துடைப்பார், மகன் பெடலைச் சுற்றிக் கொடுப்பான். பிரீவீல் சைக்கிளில் துணி சிக்கினால் பெடலை விட்டதும் செயின் நிற்கும். பிக்ஸ்ட் கியரில் சுற்றுகிற சில்லின் வேகம் முழுவதும் செயினில் இருக்கும், துணியோடு விரலையும் பல்லுக்குள் இழுத்துவிடும். விரல் துண்டான சம்பவங்கள் உலகெங்கும் நடந்தவை. இனிச் சில்லு ஓடும்போது செயினில் யாரும் கை வைப்பதில்லை, மகன் பக்கத்திலேயே வருவதில்லை. அதே காரணத்தால் வேட்டியோடு இந்தச் சைக்கிளில் ஏறுவதும் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோவிலுக்கு மனைவியின் சைக்கிளில் போகிறார்.

## கச்சானும் மாரியும்

மே மாதக் கடைசியில் புதிய சில்லுடன் ஓடத் தொடங்கினார். முதல் சில நாட்கள் விடியற்காலையில் உள்துறைமுக வீதியில் மட்டும். வேலை ஒன்றே ஒன்று: முன்பிறேக்கையும் பெடல் அமர்த்தலையும் சேர்த்துப் பிடித்து, சறுக்காமல், குறித்த இடத்தில் நிற்பது. சறுக்குவதற்குத் தடை விதித்தவர் ஐயா. வாரத்துக்கு ஒருமுறை ரயரைப் பார்ப்பார்.

கச்சானில் அவருக்குப் பிடித்தது கிடைத்தது. எதிர்க்காற்றில் பிரீவீல் சைக்கிள் ஓட்டும்போது நாம் மிதித்து, ஓய்ந்து, மறுபடி மிதிக்கிறோம். ஓய்ந்த நொடியில் காற்று வேகத்தைத் தின்றுவிடும். பிக்ஸ்ட் கியரில் ஓய்வே இல்லாததால் வேகம் சீராக இருந்தது என்றார். கடிகாரம் பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. அலுவலகம் சேரும் நேரம் முன்பைப் போலவேதான். ஆனால் சேரும்போது உடம்பு இருந்த நிலை வேறு என்று அவர் சொல்வதை மறுக்க என்னிடம் காரணமில்லை.

ஜூலையில் இடது முழங்கால் வலித்தது. பெடலை இடக்காலால் மட்டுமே அமர்த்திக்கொண்டிருந்தார், ஆசனமும் தாழ்வாக இருந்தது. ஆசனத்தை உயர்த்தி, வேகம் குறைப்பதற்குப் பிறேக்கை முதலிலும் காலை இரண்டாவதாகவும் பாவிக்கச் சொன்னதும் வலி குறைந்தது. இது சிறிய விடயம் போலத் தெரியும். காலால் நிறுத்துவதுதான் பிக்ஸ்ட் கியரின் பெருமை என்று நம்பி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓகஸ்டில் பெடல் தரையில் இடித்தது. அவர் ஒழுங்கைக்குள் திரும்பும் இடத்தில் வீதியின் ஓரம் மேடாக இருக்கும். சாதாரண சைக்கிளில் உட்பக்கப் பெடலை மேலே நிறுத்தித் திரும்பலாம். இதில் சாய்ந்த நேரத்தில் பெடல் கீழே வந்து தாரில் மோத, பின்சில்லு ஒரு சாண் துள்ளிப் பக்கவாட்டில் விழுந்தது. அவர் விழவில்லை. சட்டத்தில் பெடல் அச்சு தாழ்வு, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் 170 மில்லிமீற்றர். பிக்ஸ்ட் கியருக்கு வழக்கமாகப் போடுவது 165.

ஒக்டோபரில் மழை தொடங்கியதும் சில்லைத் திருப்பிப் போட்டார்கள். பிரீவீலும் 18 பல் என்பதால் செயின் அளவை மாற்ற வேண்டியிருக்கவில்லை. மாரியில் குழிகள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும், வீதிக்கு மணல் அரித்து வந்து கிடக்கும். தெரியாத குழியில் விழும்போது எழும்பி நிற்கப் பெடல் ஒத்துழைக்க வேண்டும். அவருக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. முதல் வாரம் பெடல் 'செத்துப்போய்' இருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார். சந்தியில் ஒருமுறை வேகம் குறைக்கப் பழக்கத்தில் காலை அமர்த்தி, ஒன்றும் நடக்காமல், பிறகு பிறேக்கைத் தேடியிருக்கிறார். பழக்கம் இரு பக்கமும் வெட்டும் என்பதை அதற்கு முன் யாரும் யோசிக்கவில்லை. 2025 பெப்ரவரியில் மறுபடி பிக்ஸ்ட் பக்கம் திருப்பப்பட்டது. அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை இந்த மாற்றம் நடக்கிறது, ஒவ்வொரு தடவையும் முதல் மூன்று நாள் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போய், காலையில் உள்துறைமுக வீதியில் பழகிக்கொள்கிறார்.

## மீண்டும் செய்வதென்றால்

வெல்டிங் முறையைக் கடை கைவிட்டுவிட்டது. அதன்பின் இரண்டு மூன்று பெடியன்கள் வந்து கேட்டார்கள். லொக் ரிங் இருக்கும் ஹப் கொண்டு வந்தால் பூட்டித் தருவதாக ஐயா சொல்லி அனுப்பினார். ஒருவர் வேறு கடையில் வெல்டிங் வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

உரிய ஹப்பிலும் முதல் நாளே ஹப்பையும் பற்சில்லையும் லொக் ரிங்கையும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு உடைந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. காசில்லாத வேலை, கண் போதும். அந்த மார்ச் மாதத்தில் இந்தக் கோடு இருந்திருந்தால் உவர்மலைக்கு முன்பே விடயம் தெரிந்திருக்கும். இப்போது கடையிலிருந்து போகும் எந்த பிக்ஸ்ட் சில்லும் கோடில்லாமல் போவதில்லை.

பல் எண்ணிக்கையில் தொடக்கத்திலேயே இலகுவான பக்கம் நிற்பது நல்லது. 18 போட்ட பிறகுதான் அவர் பெடலைக் கட்டுப்படுத்தத் தொடங்கினார், 16இல் பெடல்தான் அவரைக் கட்டுப்படுத்தியது. கொஞ்சம் பழகியபின் 17 கேட்கிறார், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. செயினின் தளர்வை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதும் இப்போது வழக்கம். நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும், செயின்வீல் முழு வட்டமாக இல்லாததால் ஒரு சுற்றில் மிக இறுக்கமாக வரும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். உப்புக் காற்று செயினை விரைவில் தின்கிறது. பிரீவீல் காலத்தில் அவர் வருடக்கணக்கில் மாற்றாமல் ஓடிய செயினை இப்போது அப்படி விட முடியாது.

சறுக்குவதை அவர் ஐயாவிடம் மறைத்தது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். ஏச்சுக்குப் பயந்து என்றார். திருத்துபவருக்கு ஓட்டும் விதம் தெரியாவிட்டால் அவர் பூட்டுகிற எதையும் நம்ப முடியாது. ஐயா இப்போது புதிதாக வருபவர்களிடம் முதலில் கேட்பது எந்த வீதி, எந்த நேரம், என்ன செருப்பு, சறுக்குவாயா என்பதைத்தான். காசுக் கணக்கு அதற்குப் பிறகு.

165 மில்லிமீற்றர் கிராங்க் இன்னும் கிடைக்கவில்லை. கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதுவரை அவர் தன் ஒழுங்கை வாசலில் இறங்கி, கடைசிச் சில மீற்றர் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.